குசினி ஜன்னலில் சிக்னல்

கருவி எதுவும் இல்லை என்கிறது. மறுபடியும் அதே வரி. டிவி டியூனர் கண்ணெதிரே இருக்கிறது, கட்டைவிரல் நீளத்தில், மடிக்கணினியின் இடது பக்கம் செருகியபடி, அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று இறங்கி மேசைமேல் ஒரு குட்டி ஆன்டெனாவில் போய் முடிகிறது, தொட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது, ஆனால் மடிக்கணினியை ஓட்டுகிற இந்த லினக்ஸ் இல்லவே இல்லை என்று சாதிக்கிறது. உருவி எடுத்து ஊதிவிட்டு மறுபடி செருகினேன். ஊதினால் சரியாகும் என்று நம்புகிற வயசா இது, முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைக் கட்டி மேய்த்தவன் செய்கிற காரியமா, ஆனாலும் ஊதினேன், வலது பக்கத் துளையிலும் செருகிப் பார்த்தேன், பச்சை விளக்கு எரியவில்லை. வியாழக்கிழமை எரிந்தது. வியாழக்கிழமை இதே மேசையில், இதே நாற்காலியில், யாரோ ஒரு மலாய்க்கார அம்மாள் ரெண்டாங் கறி கிண்டுவதை இது காட்டியது, கரண்டியில் ஒட்டியிருந்த தேங்காய்கூடத் துல்லியமாகத் தெரிந்தது, டிவி இல்லாத வீட்டில் டிவி வரவழைத்துவிட்ட மிதப்பில் நானும் அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். சனிக்கிழமை சாயந்திரம் போட்டுக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். இன்றைக்குத்தான் சனிக்கிழமை. குசினியில் இந்திராணி தேங்காய் திருகும் சத்தம் கேட்கிறது. அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டாள், ஆனால் காது இங்கேதான் இருக்கிறது, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அவள் காது எங்கே இருக்கிறது என்று தெரியாதா. காலையில் கேட்டாளே. எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

எத்தனை மணிக்கு. இதைக் கேட்க அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. யோகேந்திரனைப் பற்றி, எங்கள் ஒரே பையனைப் பற்றி, அவன் அந்தப் படத்தை அனுப்பிய நாளிலிருந்து அவள் வாயே திறந்ததில்லை. வாத்தியார் வேலை கிடைத்ததும் கவர்ன்மென்ட் அவனைத் தூக்கி சபா மாநிலத்தில் போட்டது, ஈப்போவிலிருந்து கடல் தாண்டிப் போகவேண்டும், ரெண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான் என்றிருந்தோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவைக்கிற வேலை, வாரக் கடைசியில் பந்தாட்டத்தில் லைன்ஸ்மேனாகத் தானே ஓடுகிற வேலை, இப்படியே இருந்தவன் அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து, பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, படத்தை எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பினான். பிறகு அனுப்பினான். அதுதான் அவளுக்கு. பெண் கடசான் இனம் என்பதோ மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பதோ இல்லை, அதையெல்லாம் நாலு நாள் அழுதுவிட்டு ஏற்றுக்கொண்டிருப்பாள், முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போன் சத்தம் போட்டபோது நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள், மறுபடி உட்கார்ந்து மிச்ச நெத்திலி அத்தனையையும் ஒன்று விடாமல் தலை கிள்ளி முடித்தாள், சமைக்கவில்லை, கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டாள். நான் பேசிப் பார்த்தேன். சுவரோடு பேசுகிற மாதிரிதான். அவள் கோபம் நியாயமானது என்று எனக்கே தெரியும்போது எந்த முகத்தோடு பேசுவது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பிக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி, கடைக்குப் பின்னால் கார்கள் நிற்கிற இடத்தில் நின்று அவனோடு பேசிவிட்டு வருகிறேன். அவளுக்கு அதுவும் தெரியும். கோப்பி குடிக்காமலே திரும்பி வருகிறவனை அவள் பார்க்காதவளா. போன ஞாயிறு அவன்தான் சொன்னான், சனிக்கிழமை பெரிய ஆட்டம்ப்பா, நான் லைன்ஸ்மேன், டிவியில நேரடியா காட்டுறாங்க, அம்மாகிட்ட சொல்லுங்க என்று. சொன்னேன். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். அப்படியே ஆறு நாள் போனது, இன்றைக்குக் காலையில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே, எத்தனை மணிக்கு என்றாள். நாலேகால் என்றேன், அங்கே சீக்கிரம் இருட்டிவிடும், அதனால் சீக்கிரமே ஆரம்பிக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். ம் என்றாள். இன்றைக்கு இந்தப் படம் வராவிட்டால் அவள் இன்னொரு தடவை கேட்கமாட்டாள். எனக்குத் தெரியும், கேட்கவே மாட்டாள்.

டிவி வாங்குங்கள் என்று அவள் சொன்னபோது வாங்கியிருக்கலாம். பழைய டிவி செத்த அன்றைக்கே சொன்னாள். நான்தான் எல்லாம் இன்டர்நெட்டில் வருகிறது, எதற்குச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி என்று பெரிய ஞானி மாதிரி பேசினேன். எல்லாம் வருகிறது, இந்த ஆட்டம் வரவில்லை. உரிமைச் சிக்கலாம், ஆகாய அலையில் மட்டும்தானாம். பக்கத்து வீட்டில் இருக்கிறது ஒரு டிவி, சுவர் முழுக்க, புஷ்பா அக்கா வா வா என்று கூப்பிட்டு உட்காரவைத்துக் கோப்பியும் கொடுப்பார், கூடவே பையன் எப்போது வந்தான், ஏன் தீபாவளிக்கு வரவில்லை, விசேஷம் ஏதும் உண்டா என்று கேட்பார், இந்திராணி செத்தாலும் அங்கே போய் உட்காரமாட்டாள். அதனால்தான் இந்த டியூனரை வரவழைத்தேன். போலந்துக்காரன் ஒருவன் இணைய மன்றத்தில் எழுதிவைத்திருந்தான், இந்த வகைக் கருவிக்கு லினக்ஸில் நேராக டிரைவர், அதாவது அதை இயக்குகிற நிரல், கிடையாது, இப்படி இப்படிச் செய்து நீயே கட்டிக்கொள் என்று. அவன் முகம் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் அந்த இரண்டு நாளும் அவன் எனக்குக் கூடப்பிறந்தவன். கட்டினேன். முதல் தடவை பாதியில் முறிந்தது, இரண்டாம் தடவை முழுசாக முடிந்தது, பச்சை விளக்கு, ரெண்டாங் அம்மாள். அதை நானேதானே என் கையால் கட்டினேன், எங்கே போகும். எங்கேயும் போகாது, யாரும் தொடவில்லை, நான் மட்டும்தான் காலையில். காலையில். ஐயோ. காலையில் அப்டேட் போட்டேனே.

பல் விளக்குவது போல அப்டேட் போடுகிறவன் நான். எழுந்ததும் கை தானாகப் போகிறது, கறுப்புத் திரையைத் திறக்கிறது, கட்டளையைத் தட்டுகிறது, கடவுச்சொல்லைக் கொடுக்கிறது, வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கோப்பி குடித்தால்தான் எனக்கு விடிந்த மாதிரி. விண்டோஸ்காரனுக்கு இந்தச் சுத்தம் எங்கே தெரியும் என்று லேபில் பிள்ளைகளைக் கிண்டல் வேறு செய்திருக்கிறேன். இன்றைக்குப் புதுக் கெர்னல் வந்திருக்கிறது. கெர்னல் என்பது உள்ளே உட்கார்ந்து மொத்தத்தையும் ஆட்டிவைக்கிற பாகம், நான் கட்டிய டிரைவர் பழைய கெர்னலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, புது ஆசாமி வந்து உட்கார்ந்ததும் சட்டை சேரவில்லை, டியூனரா, அப்படி எதுவும் இல்லையே என்கிறான். ஆட்டத்தன்று காலையில், அதுவும் இந்த ஆட்டத்தன்று, எந்த மடையனாவது இயங்கிக்கொண்டிருப்பதைப் போய்ப் புதுப்பிப்பானா. புதிதாகக் கட்ட நேரம் இல்லை, இந்தக் கிழட்டு மடிக்கணினி அதைக் கட்டி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்து, அவன் குளித்து, வீட்டுக்கே போய்விடுவான். வழி ஒன்று இருக்கிறது. லினக்ஸ் பழைய கெர்னலை உடனே தூக்கிப் போடாது, ஓரமாக வைத்திருக்கும், அணைத்து ஏற்றும்போது எது வேண்டும் என்று கேட்கும், பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் பழையதையெல்லாம் கூட்டித் தள்ளு என்று இன்னொரு கட்டளை இருக்கிறது, அதையும் நான் சேர்த்துத் தட்டுகிற ஆள்தான், காலையில் தட்டினேனா. கை தட்டியிருக்கும். கை என்னைக் கேட்டா செய்கிறது. தோசை தீய்ந்த வாசனை வந்தது நினைவிருக்கிறது, அவள் கேட்டது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு விரல் என்ன செய்தது என்று நினைவே இல்லை. அணைத்தேன். திரை இருண்டது. குசினியில் திருகுகிற சத்தமும் நின்றுவிட்டது. பிறகு கரண்டி ஏதோ விழுந்தது, அவள் குனிந்து எடுத்திருப்பாள். திரையில் வரிசை வந்தது. புதுசு மேலே, அதற்குக் கீழே, இருந்தது, பழையது இருந்தது. அவளுடைய கேள்வி என் கையைத் தடுத்திருக்கிறது, வேறென்ன. என்டரைத் தட்டினேன்.

பச்சை விளக்கு எரிந்தது. சந்தோஷத்தில் ராணி என்று கூப்பிட வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். முதலில் படம் வரட்டும். சேனல் தேடச் சொன்னேன், கீழே இருந்து மேல்வரை ஒவ்வோர் அலைவரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனது, முடிவில் பூஜ்யம் என்றது. பூஜ்யமா. வியாழக்கிழமை பதினைந்துக்கும் மேல் காட்டியது. வியாழக்கிழமை மழை இல்லை, இன்றைக்கு மத்தியானத்திலிருந்து தூறிக்கொண்டே இருக்கிறது, எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்று ஒன்று சுவர் மாதிரி நிற்கிறது, ஒளிபரப்புக் கோபுரம் இருப்பது அதற்கு அந்தப் பக்கம், வரும் கொஞ்ச நஞ்சமும் இந்த ஈரத்தில் எங்கேயோ போய் முட்டிக்கொள்கிறது. பழைய காலத்து டிவி என்றால் புள்ளி புள்ளியாகவாவது வரும், அந்தப் புள்ளிக்குள்ளே ஆள் இருப்பது தெரியும், ஓடுவது தெரியும், பெற்றவளுக்கு அது போதும், நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். இந்த டிஜிட்டலுக்கு நடுவாந்திரம் கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. இவளும் அப்படித்தான். யோகுவும் அப்படித்தான், யாரிடமிருந்து வந்தது அது. ஆட்டம் வரும் சேனலின் வியாழக்கிழமை அலைவரிசையிலேயே நிறுத்திவைத்தேன், யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்று எங்கோ வைத்திருந்தேன், தேடி எடுத்தேன், டியூனரை அதன் முனையில் மாட்டி, ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஹால் முழுக்க நடந்தேன், ஜன்னல் கம்பியில் வைத்தேன், அலமாரி உச்சியில் வைத்தேன், சாமி மேடைக்குப் பக்கத்தில்கூட நீட்டிப் பார்த்தேன், முருகா மன்னிச்சுக்கோ என்று. மணி நாலேகால் தாண்டிவிட்டது. அங்கே விசில் ஊதியிருப்பார்கள். அவன் ஓடிக்கொண்டிருப்பான். ஓடாவிட்டால்? கடைசி நிமிஷத்தில் வேறொருவனைப் போட்டிருந்தால்? போட்டிருக்கட்டும், அதைவிட மோசம், இவனே ஓடி, இவன் கொடியைத் தப்பாகத் தூக்கி, மொத்த ஸ்டேடியமும் இவனைக் கெட்ட வார்த்தையில் திட்டி, தண்ணீர் பாட்டில் எறிந்து, ஒரு வருஷம் கழித்து அவள் பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கும்போது அதையா பார்க்கவேண்டும். படம் வராமலே போனால்கூட நல்லதோ. இல்லை. இல்லை, வரவேண்டும். எனக்கும் அவனைப் பார்க்கவேண்டும், அவளுக்காக மட்டும்தான் இந்தப் பாடு என்று யாரிடம் நடிக்கிறேன்.

நீட்டிப்புக் கம்பி குசினி வாசல்வரை வந்தது. அதற்கு மேல் ஆன்டெனாவின் மெல்லிய கம்பியை இழுத்துப் பிடித்து நான்தான் கையை நீட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டியிருந்தது. இந்திராணி அடுப்பின் முன்னால் நின்றாள், தேங்காய்ப்பால் கொதிவருமுன் கிண்டிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டாள். தட்டுக் கவிழ்க்கிற அலமாரிக்கு மேலே, ஜன்னல் பக்கம், ஆன்டெனாவைத் தூக்கினேன், ஹாலில் ஓர் இரைச்சல் கேட்டது. கூட்டத்தின் இரைச்சல். மேளம். மலாயில் ஒருவர் மூச்சு விடாமல் பேசினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆன்டெனாவை அலமாரிமேல் வைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினேன், இரண்டு எட்டுதான், சத்தம் அறுந்துவிட்டது, திரையில் கட்டம் கட்டமாகப் பச்சைப் புல். திரும்ப வந்து தூக்கினேன், பேச்சு தொடர்ந்தது. ஆன்டெனாவின் காந்த அடி ஜன்னல் கம்பியில் ஒட்டாது, அது அலுமினியக் கம்பி. பிஸ்கட் டின்மேல் வைத்தேன், போனது. கையில் பிடித்தால்தான் வருகிறது, பிடிக்கிற ஆளையும் சேர்த்து ஆன்டெனாவாக எடுத்துக்கொள்கிறது போலிருக்கிறது. பிடித்தவனால் பார்க்க முடியாது, பார்ப்பவனால் பிடிக்க முடியாது. மடிக்கணினியை இங்கே தூக்கி வந்துவிடலாமென்றால் அதன் பேட்டரி செத்து வருஷமாகிறது, சுவரிலிருந்து பிடுங்கினால் எல்லாம் முதலிலிருந்து. அது மட்டும் இல்லை. அவளுடைய குசினிக்குள், அவள் அடுப்புப் பக்கத்தில், அவள் கேட்காமல் அவன் முகத்தைக் கொண்டுவந்து வைக்கிற தைரியம் எனக்கு இல்லை. அவள் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டாள், காட்டுங்கள் என்று கேட்கவில்லை. அவளைப் போய் ஹாலில் உட்காரச் சொல்லவும் வாய் வரவில்லை, சொன்னால் போகமாட்டாள், முறுக்கிக்கொள்வாள். நான் பாட்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், ஹாலில் யாருமே இல்லாமல் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தோள் வலித்தது. அவள் அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து என் கையிலிருந்து ஆன்டெனாவை வாங்கிக்கொண்டாள்.

"நான் புடிச்சுக்கிறேன். நீங்க போய்ப் பாருங்க" என்றாள்.

நீ பாரேன் என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அதுவும் கெட்டுவிடும் என்று பயந்து போனேன். என்னைவிடக் குட்டையானவள், குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள், படம் தெளிவாக வந்தது. ஹாலில் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தேன். பந்து எங்கே போகிறது, யார் சிவப்பு, யார் நீலம், எனக்கு ஒன்றும் வேண்டாம், நான் திரையின் ஓரத்தை மட்டும் பார்த்தேன். ஒரு லைன்ஸ்மேன் காமிராவுக்கு இந்தப் பக்கம், தலை மட்டும் தெரிந்து மறைந்தான், அவன் இல்லை. அந்தப் பக்கத்துக்காரன் எட்டத்தில் ஓடினான், பக்கவாட்டில், முழங்காலை உயரத் தூக்கி. அவன்தான். எத்தனை சின்னதாகத் தெரிந்தால் என்ன, அவன்தான். காமிரா அவனைக் கண்டுகொள்ளவே இல்லை, பந்து அவன் பக்கம் போனால் அவனும் வந்தான், போகாவிட்டால் இல்லை. குசினியிலிருந்து அவள் தெரியுதா என்று கேட்டாள். தெரியுது என்றேன். ஓடுறான் என்றேன், நல்லா ஓடுறான் என்றேன். அப்போதுதான் கூட்டம் ஓவென்று கத்தியது. ஒருவன் பந்தை வலைக்குள் அடித்துவிட்டுக் கையை விரித்துக்கொண்டு ஓடினான், எல்லாரும் அவன்மேல் விழுந்தார்கள், பிறகு விசில், கோல் செல்லாது, விழுந்தவர்கள் எழுந்து கோபமாக ஓரத்தைப் பார்த்துக் கைநீட்டினார்கள், காமிரா திரும்பி, கிட்டப் போய், இன்னும் கிட்டப் போய், கொடியை நேராக நீட்டிக்கொண்டு நின்றவனைத் திரை முழுக்க நிறுத்தியது. துணை நடுவர் யோகேந்திரன் நடேசன் என்றார் வருணனையாளர், மலாய் இழுப்போடு, என் பெயரையும் சேர்த்து, அத்தனை ஆயிரம் பேர் கூச்சலுக்கு நடுவில். குசினியில் ஏதோ டக்கென்றது. சத்தம் அறுந்தது. படம் நின்றுவிட்டது. பெயரைக் கேட்டதும் அவள் கை இறங்கியிருக்கிறது. நான் பதறித் தூக்கு தூக்கு என்று கத்தப் போனேன், அதற்குள் பார்த்தேன், படம் போகவில்லை, கடைசியாக வந்தது அப்படியே நிற்கிறது. அவன் நிற்கிறான். கண்ணைச் சிமிட்டாமல், அசையாமல், கூட்டமும் இல்லாமல் திட்டும் இல்லாமல், எங்கள் ஹாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"ராணி, அத அங்கயே வச்சிட்டு வா."

"வச்சா போயிடுமே."

"எல்லாம் போயிருச்சு. அவன் மட்டும் நிக்கிறான். வந்து பாரு."

வருவாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நின்றுவிடுவாள் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பால் வாசனை முதலில் வந்தது, பிறகு அவள் வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நெற்றியிலிருந்து பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், கொடியைப் பிடித்த கையைப் பார்த்தாள், மோதிரம் போட்டிருந்த விரலில் அவள் கண் நின்றது. கழுத்தெல்லாம் இப்படிக் கறுத்துப்போச்சே என்றாள், எனக்கில்லை, அவனுக்குச் சொல்கிற மாதிரி. நான் வெயில் என்றேனோ ஏதோ சொன்னேன். அவள் காதில் விழவில்லை. முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள், சுற்றினாள், அவிழ்த்தாள், அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்றாள்.

இத்தனை மாதத்தில் அவள் கேட்டதே இல்லை, நானும் அவள் எதிரில் சொல்லத் துணிந்ததில்லை, அந்தப் பெயர் இந்த வீட்டுக்குள் ஒருமுறைகூட ஒலித்ததில்லை. ரோசலின் என்றேன். அவள் சத்தமில்லாமல் அதைச் சொல்லிப் பார்த்தாள், உதடு அசைந்தது தெரிந்தது. சரியாக வரவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.